சூரியன் திரும்பும் நாளில் திரை இறக்குகிறவள்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் சூரியன் திரும்பி வரும் நாளன்று வீட்டுக்குள் இருப்பவர் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை கோபக்காரராக இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்ட சூரியன், ஜனவரியில் ஒரு நண்பகலில் இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வந்து எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த கையோடு போயும் விடும். அதற்காக ஸ்கார்வ்னெஸ் ஊர் முழுவதும் தேவாலயத்துக்குப் பின்னால் ஏறும் கல்படிகளில் போய் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள். வங்கிக்காரர்கள் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மீன் ஆலையில் எந்திரத்தை நிறுத்திவிட்டு ரப்பர் பூட்ஸோடு படியேறுவார்கள். எல்லோர் கையிலும் ஜாம் வைத்துப் பொரித்த சூரிய பன். மேகம் மூடியிருந்தாலும் போவார்கள், பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். "தெரியலைன்னா என்ன, அங்கதானே இருக்கு" என்று மேகத்தைப் பார்த்தே பன்னைத் தின்றுவிட்டு, மீசையில் சர்க்கரையோடு இறங்கி வருவார்கள்.

யூருன் மட்டும் வரமாட்டாள். அவள் நோயாளியும் இல்லை, கோபக்காரியும் இல்லை. ஊர் மொத்தமும் சூரியனை வரவேற்கும் அந்த நேரத்தில், அது உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய தந்தி அலுவலகம்தான் எங்கள் கலைக்கூடம். அதன் மாடியில் தெற்குப் பார்த்த ஒரு கூடம், சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு நீர்வண்ண ஓவியம். அகலம் இரண்டு சாண்கூட இருக்காது. வரைந்தவள் அகாத்தெ, அதே அலுவலகத்தில் தந்தியடித்துக்கொண்டிருந்தவள், செத்து ரொம்பக் காலமாகிறது. எங்கள் கல்படிகளில் சனம் நிற்பதை வரைந்திருக்கிறாள். வாயைப் பிளந்தபடி ஒரு பாதிரியார், சால்வைக்குள் குழந்தையோடு ஒருத்தி, ஒருவன் தோளில் இன்னொருவனாகச் சாய்ந்து நிற்கும் இரண்டு குடிகாரர்கள். எல்லா முகங்களும் நம்மைத்தான் பார்க்கின்றன. எல்லா முகங்களிலும் ஒரு ரோஜாச் சிவப்பு. சூரியன் மட்டும் படத்தில் எங்கேயும் இல்லை.

அந்தச் சிவப்புதான் சிக்கல். அகாத்தெயின் சம்பளத்துக்குக் கிடைத்த மலிவான சாயம் அது, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். வெயில் வந்த நாளைப் பற்றிய படம், அதற்கு வெயிலே ஆகாது. அந்தச் சிவப்பு போய்விட்டால் மிச்சம் இருக்கப்போவது குளிரில் காரணமில்லாமல் நிற்கும் ஒரு கூட்டம்தான். அதனால் கோடையில், சூரியன் மறையாமல் இரவெல்லாம் சுற்றும் மாதங்களில், படம் நிலவறையில் ஓர் இழுப்பறைக்குள் தூங்கும். சூரியன் போனதும் படம் மேலே வரும், சூரியன் வந்ததும் படம் கீழே போகும். நடுவில் உள்ள அந்த இருட்டு மாதங்கள்தான் யூருனின் பருவம்.

கோடையிலும் அவளுக்கு வேலை உண்டு. கப்பலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டுவாள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மரக்கட்டையில் அச்செடுக்கச் சொல்லித் தருவாள், இலையுதிர்கால விடுமுறையில் களிமண். அதெல்லாம் நன்றாகத்தான் செய்வாள். ஆனால் நவம்பர் பிறந்ததும் அவள் நடையே மாறிவிடும் என்று அவள் கணவன் கோரெ சொல்வான். "எல்லாரும் சோர்ந்து போற மாசத்துல என் பொண்டாட்டிக்கு மட்டும் வசந்தம் வந்துடும்" என்பான்.

அவள் இந்த வேலைக்கு வந்தது படித்து வந்ததில்லை. கீழே கோட்டு வாங்கி மாட்டுகிற வேலைக்கு வந்தவள். ஒரு டிசம்பரில் வகுப்பு எடுக்க வேண்டிய அம்மாள் புயலில் படகு கிடைக்காமல் மாட்டிக்கொண்டாள், இங்கே ஒரு வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். திருப்பி அனுப்ப மனம் வராமல் யூருன் மேலே கூட்டிப் போனாள். என்ன சொல்வது என்று தெரியாது. கூடத்தில் இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பினாள், பழைய குமிழ், இறுகிப் போயிருந்தது. மெதுவாக, மிக மெதுவாகத்தான் திரும்பியது. அவள் பயத்தில் வாயே திறக்கவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து முதலில் படிகள் வந்தன. பிறகு ஆட்கள், சாம்பலாக. பிறகு, எங்கேயிருந்து என்றே தெரியாமல், ஒவ்வொரு முகமாக அந்தச் சிவப்பு ஏறியது. கூச்சல் போட்டுக்கொண்டு மாடியேறி வந்த பிள்ளைகளிடம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு பையன்தான் கிசுகிசுத்தான்: "அவங்க மேல வெயில் அடிக்குது." பிள்ளைகள் போனபின் யூருன் கோட்டுகளுக்கு நடுவே நின்று அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அதற்குப் பிறகு அவளைக் கோட்டு மாட்ட யாரும் அனுப்பவில்லை. குமிழை மாற்ற வந்த எலெக்ட்ரீஷியனை அவள்தான் திருப்பி அனுப்பினாள். மழலையர் பள்ளிப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், முதியோர் இல்லத்துச் சக்கர நாற்காலிகள், புதிதாக எங்கள் நாட்டுக்கு வந்து மொழி படிக்கிறவர்கள், வியாழக்கிழமை மாலைகளில் வாஃபிளும் காபியும் என்றால் ஓடிவரும் மற்ற எல்லோரும். யார் வந்தாலும் முதலில் இருட்டில் உட்கார வைப்பாள். கண் பழகும்வரை பேசவிடமாட்டாள். பிறகு குமிழ். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "என்ன தெரியுது?"

ஒரு சண்டையும் போட்டு ஜெயித்திருக்கிறாள். படத்தைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு இறக்கி மாட்ட வேண்டும் என்றாள். அது மரபில்லை என்றார்கள். "பெரியவங்க குனியட்டும், குனிஞ்சா கிரீடமா விழுந்துடும்?" என்றாள். இறக்கி மாட்டினார்கள். மேயரும் குனிந்தார், வங்கி மேலாளரும் குனிந்தார். பிஷப் ஒருவர் முட்டி போட்டே பார்த்துவிட்டு எழ முடியாமல் கோரெயைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

போன வசந்தத்தில்தான் இடி விழுந்தது. ஒஸ்லோவிலிருந்து காகித ஓவியங்களைப் பேணும் நிபுணர் ஒருத்தி வந்தாள். பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சிவப்பு வெளுத்துக்கொண்டு வருகிறது என்றாள். இனி குளிர்காலத்துக்கு இவ்வளவுதான் வெளிச்சம் என்று ரேஷன் போட்டாள். படச் சட்டத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஓர் ஒளிமானியை ஒட்டச் சொன்னாள். படத்தின் மேல் விழும் வெளிச்சத்தையெல்லாம் அது கணக்கில் வைத்துக்கொள்ளும். அளவு தாண்டினால் படம் இழுப்பறைக்குப் போகும், பிறகு எந்த நவம்பரிலும் மேலே வராது. சுவரில் ஓர் அச்சுப் படம் மாட்டப்படும்.

கலைக்கூடத்தின் இயக்குநர் வெட்லெ இதைச் சொல்லும்போது யூருன் முகத்தைப் பார்க்காமல் காபிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னான். தெற்கத்தியான், நல்லவன், இங்கே வந்து ஆறேழு குளிர்காலம் ஆகியும் பனியில் வழுக்கி விழுவதை நிறுத்தவில்லை.

"இப்பல்லாம் அச்சு ரொம்ப நல்லா வருது யூருன். யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"பிள்ளைங்களுக்குத் தெரியாதுல்ல?"

"அச்சுப் படத்துக்கு விளக்கை எதுக்கு மெதுவா ஏத்தணும்? சட்டுனு போட்டுட்டு, பாத்துக்கோங்கடான்னு போயிடலாமே. அதுக்கு நான் எதுக்கு? சுவத்துல ஒரு சுவிட்ச் போதும்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் யூருன் கஞ்சத்தனத்தின் உச்சிக்கே போனாள். வியாழக்கிழமைகளைப் பாதியாகக் குறைத்தாள். இருட்டில் உட்காரும் நேரத்தை நீட்டி, வெளிச்ச நேரத்தைச் சுருக்கினாள். கூட்டம் எழுந்ததும் கடைசி ஆள் திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்கை அணைத்தாள். "யூருன் விளக்கு ஏத்தறதுக்குள்ள என் காபி ஆறி, தாடியும் வளர்ந்துடுது" என்று மீன் ஆலைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. ஜனவரி நடுவில் வெட்லெ மானியைப் பார்த்துவிட்டு, அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் மயிரிழையில் என்றான். ஒரு நல்ல வெயில் நேராகப் பட்டால் போதும், தாண்டிவிடும். சூரியன் திரும்பும் நாளை மட்டும் கடந்துவிட்டால், அன்று மாலையே படம் கீழே போய்விடும், பிறகு நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நாளுக்காகவே வெட்லெ ஒரு வேலை செய்திருந்தான். யூருன் கயிற்றைப் பிடித்து இழுத்து இறக்கும் பழைய துணித் திரையைக் கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினால் தானே இறங்கும் மோட்டார் திரையை மாட்டியிருந்தான்.

"இந்த வருஷம் நீ படிக்குப் போ. திரையை நான் இறக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

"நீ ஒரு தடவைகூடப் பாத்ததில்லன்னு கோரெ சொன்னான்."

அது உண்மை. யூருன் பிறந்தது கடல் கழியின் அக்கரையில், மலை நிழலில் இருக்கும் பண்ணையில். அங்கே சூரியன் வரப் பிப்ரவரி பாதி ஆகும், அதற்குள் இக்கரைக்காரர்களுக்கு அது பழைய செய்தி ஆகியிருக்கும். இக்கரைக்கு வந்தபின் கலைக்கூடம். முதல் சூரியனை அவள் கணவன் வாயால்தான் கேட்டிருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் கோரெ படியிலிருந்து இறங்கி நேராகக் கலைக்கூடத்துக்கு வருவான், ஆறிப்போன பன்னை நீட்டுவான், ஒரே வாக்கியத்தைச் சொல்வான்: "உன்னை விசாரிச்சுது." மேகம் மூடிய ஆண்டுகளிலும் அதையேதான் சொல்வான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, திரும்பி நின்று, கொஞ்ச நேரம் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள்.

வேண்டாம் என்று மூன்று நாள் சொன்னவள், நான்காம் நாள் சரி என்றாள். அன்றிரவு கோரெ சந்தோஷத்தில் இரண்டு முறை பாத்திரம் கழுவினான்.

அந்த நாள் விடிந்தது என்று சொல்ல முடியாது, எங்கள் ஜனவரியில் எதுவும் விடிவதில்லை, நீலம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். இரவு மழை பெய்து உறைந்து, ஊரே கண்ணாடி பூசினாற்போல் கிடந்தது. வானத்தில் ஓட்டையில்லாத மேகம். "இன்னிக்கு வராது" என்று ரொட்டிக் கடையில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பன் வாங்கினார்கள். வெட்லெ முன்னாலேயே படிக்குக் கிளம்பிவிட்டான், நண்பகலுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லி. யூருன் கோட்டும் தொப்பியும் போட்டு, ஐஸில் வழுக்காமலிருக்க பூட்ஸில் முள்பட்டைகளை மாட்டிக்கொண்டு, கலைக்கூடத்து வாசலைப் பூட்டப் போனாள். கோரெ வெளியே பிளாஸ்கோடு நின்றான்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு நீளமான அழுகைச் சத்தம் கேட்டது. மழலையர் பள்ளி ஆசிரியர் ஊத்வார், கதவு அளவுக்கு அகலமான மனிதன், ஒரு கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு வந்தான். கயிற்றில் இரண்டு பக்கமும் பிள்ளைகள், தடித்த பனி உடைகளும் மின்னும் பட்டைகளுமாக. பாதிப் பேர் அழுகை, மீதிப் பேர் அழத் தயாராக இருந்தார்கள்.

"படியெல்லாம் ஐஸாம், சின்னப் பிள்ளைங்களை ஏத்தக் கூடாதாம்" என்றான் ஊத்வார். "எங்களை உள்ள விடு யூருன். இல்லன்னா இதுங்க என்னையே பன்னுன்னு நெனச்சுத் தின்னுடும்."

"வெட்லெகிட்ட சொல்லு, அவன்..."

"அவன் இன்னும் படியிலதான் இருக்கான்."

யூருன் கோரெயைப் பார்த்தாள். கோரெ படிகளைப் பார்த்தான்.

"எப்படியும் இன்னிக்கு வராது" என்றாள் அவள், முள்பட்டையைக் கழற்றிக்கொண்டே.

"வராதுதான். ஆனா போகணும்ல, கிழவி?"

"நீ போ. எனக்கும் சேத்துப் பாரு."

கோரெ பிளாஸ்கை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். அவள் கோட்டைக் கழற்றி மறுபடி கொக்கியில் மாட்டினாள். முதல் முறையாகக் கிளம்பியவள், வாசலைத் தாண்டவில்லை. பன்னெல்லாம் கீழேயே தின்று முடியட்டும், ஜாம் ஒரு துளி மேலே வரக் கூடாது என்று அதட்டிவிட்டு, கம்பளிக் காலுறைகளோடு பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

விளக்கு போடவில்லை. ரேஷனில் அதற்கு இடமில்லை. ஜன்னல் வழியாக வந்த நீலத்திலேயே படம் மங்கலாகத் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் ஏற்கனவே பார்த்த படம்தான். டிரில் என்ற ஐந்து வயதுக்காரிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அதே வழக்கு.

"இதுல சூரியனே இல்ல."

"இல்லதான்."

"சூரியன் வந்த நாள்னு சொன்ன. எங்க அது?"

"இவங்க எல்லாம் எதைப் பாக்கறாங்க? அதுதான்."

டிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவங்க பாக்கறதப் பாக்க வேண்டாம். எனக்கே பாக்கணும்."

யூருனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக அவள் வாய்விட்டுச் சொல்லாததை இந்தப் பொடிசு சொல்லிவிட்டது.

"எனக்கும்தான்" என்றாள்.

சொல்லி முடிக்கவில்லை, பின்னால் ஊத்வார், "யூருன்" என்றான். அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. திரும்பினாள். மேகம் கிழிந்திருந்தது. அக்கரை மலையின் உச்சி மட்டும் பொன்னாக இருந்தது, அந்தப் பொன் அவள் பார்க்கப் பார்க்க முகட்டிலிருந்து இறங்கிக் கடலில் விழுந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அவள் கை தானாகச் சுவரோரம் போய்க் கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை. அத்தனை வருடம் அவள் பிடித்துப் பிடித்துச் சுவரே வழவழத்த இடத்தில் இரண்டு ஆணித் துளைதான் இருந்தது. பொத்தானை அழுத்தும் ரிமோட்? வெட்லெ காலையில் சோதித்துப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் போட்டான். அந்தக் கோட்டு இப்போது படியில் நின்று பன் தின்றுகொண்டிருக்கிறது. திரை உத்தரத்துப் பெட்டிக்குள் சமர்த்தாகச் சுருண்டு கிடந்தது. படம் சுவரோடு திருகி முடுக்கப்பட்டிருந்தது, சட்டென்று கழற்ற முடியாது. படத்தைப் போர்த்தி மூடும் கம்பளி நிலவறையில். வெளிச்சம் துறைமுகத்துக்கு வந்துவிட்டது.

அந்தக் கூடத்தில் யூருன் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"எல்லாரும் எழுந்திருங்க! படத்துக்கு முன்னாடி! ஓடுங்க! சுவத்தை ஒட்டி நில்லுங்க! நெருக்கி, இன்னும் நெருக்கி! டிரில், நீ நடுவுல!"

"எதுக்கு?"

"படத்துக்கு வெயில் ஆகாது! நீங்கதான் திரை!"

பிள்ளைகளுக்கு அது போதும். விழுந்தடித்து ஓடினார்கள். ஊத்வார் நடுக்கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "நான் என்ன பண்ண?"

"நீயும்தான்! முட்டி போடு! இவ்ளோ அகலமா வளந்ததுக்கு இன்னிக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும்!"

அவன் பொத்தென்று முட்டி போட்டான். முன் வரிசை, பின் வரிசை, தோளோடு தோள், ஒருத்தன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி. படம் தாழ மாட்டியிருந்ததால் பிள்ளைகளின் தலைகளுக்குப் பின்னால் முழுதாக மறைந்தது. யூருன் ஜன்னலோரம் நின்று, ஏதாவது இடைவெளி தெரிகிறதா என்று கண்ணால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு ஜன்னல் பக்கம் இருந்தது.

வெளிச்சம் உள்ளே வந்தது.

முதலில் அவள் பார்த்தது நிழலை. இரண்டு மாதமாக எங்கள் ஊரில் யாருக்கும் நிழல் கிடையாது. சுவரில் திடீரென்று தலைகள் முளைத்தன, காதுகள், குடுமித் தொப்பிகள், ஊத்வாரின் பெரிய தோள். தாழ்வாகக் கிடையாக வரும் வெயில் என்பதால் நீண்டு சாயாமல், அந்தந்த ஆளின் உயரத்துக்கே நேராகப் போய் விழுந்தன. படம் இருந்த இடத்தில் அத்தனை நிழலும் ஒன்றாகக் கூடிக் கெட்டியாக நின்றது. ஒரு கீற்றுகூட உள்ளே போகவில்லை.

பிறகு முகங்களைப் பார்த்தாள்.

டிரிலின் வாய் பிளந்திருந்தது. பக்கத்தில் ஒருவன் கண்ணைச் சுருக்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான். குட்டி ஒருத்தி ஊத்வாரின் தாடிக்குள் பாதி ஒளிந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். இரண்டு பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்து நின்றார்கள். எல்லோரும் அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் அந்த ரோஜாச் சிவப்பு. அதே சிவப்பு. வெளுக்காதது. அகாத்தெ தூரிகையில் தொட்டு எடுத்தபோது அது எப்படி இருந்திருக்குமோ அப்படி.

இத்தனை குளிர்காலம் குமிழைத் திருப்பித் திருப்பி யூருன் எதைக் கொண்டுவந்தாளோ, அது எதிரே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. படத்தில் ஏன் சூரியன் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அன்று படியில் ஊரே தெற்கே பார்த்து நின்றபோது அகாத்தெ மட்டும் வடக்கே திரும்பி நின்றிருக்கிறாள். சூரியனைப் பார்க்கவிடாமல் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் எதையும் இழக்கவும் இல்லை. வேண்டுமென்றே திரும்பி நின்று, ஊரிலேயே பெரிய காட்சியைப் பார்த்திருக்கிறாள்.

"யூருன்!" டிரில் கத்தினாள். "உன் பின்னாடி! திரும்பு! திரும்பிப் பாரு, அது போயிடும்!"

"அசையாதே" என்றாள் யூருன். குரல் உடைந்துவிட்டது. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

திரும்பவில்லை. கடைசி வரை திரும்பவில்லை. சிவப்பு ஒவ்வொரு முகமாக இறங்கி, கன்னம், மோவாய் என்று வடிந்து, நிழல்கள் சுவருக்குள் கரைந்து, கூடம் மறுபடி நீலமாகும்வரை அவர்களைப் பார்த்தபடியே நின்றாள். வெளியே படிகளிலிருந்து ஊர் மொத்தமும் கை தட்டுவது கேட்டது.

வெட்லெ வந்தது மூன்றடிக்கு ஒரு முறை வழுக்கிக்கொண்டு. ரிமோட்டை வாளைப் போலத் தூக்கிப் பிடித்திருந்தான், மோவாயில் ஜாம், முகத்தில் ரத்தமே இல்லை. நேராகப் போய்ச் சட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து மானியைப் பார்த்தான். பிள்ளைகளும் குனிந்து பார்த்தார்கள், அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது.

"தாண்டல" என்றான் தரையில் உட்கார்ந்துகொண்டு. "தாண்டவே இல்ல, யூருன்."

"நாங்கதான் திரை" என்று டிரில் அவனுக்கு விளக்கினாள். "நீ இல்லாதப்போ."

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனபின், யூருனும் வெட்லெயும் படத்தைத் திருகுகளிலிருந்து விடுவித்து, கம்பளியில் சுற்றி, நிலவறைக்குக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்தார்கள். இழுப்பறையை மூடும் முன் யூருன் கம்பளியை ஓரம் விலக்கி ஒரு நொடி பார்த்தாள். "நவம்பர்ல பாக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள், அகாத்தெயிடமோ படத்திடமோ.

மேலே வந்தபோது கோரெ கோட்டுக் கொக்கிகளுக்கு அடியில் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சூரியனை அவன் பார்த்ததில்லை, அவள் பார்க்கவில்லையே என்று படியிலேயே அழுதிருக்கிறான் என்று பிறகு மீன் ஆலைக்காரர்கள் சொன்னார்கள். ஆறிப்போன பன்னை நீட்டினான்.

"உன்னை விசாரிச்சுது" என்றான். வழக்கமான குரல் வரவில்லை.

யூருன் பன்னை வாங்கி இரண்டாகப் பிய்த்தாள். ஜாம் இருந்த பாதியை அவனுக்குக் கொடுத்தாள்.

"தெரியும்" என்றாள். "இங்க வந்துட்டுத்தான் போச்சு."